நெல்லும் பொரியும்: பழைய கார்ட்டூன் குறும்படச் சேகரிப்பில் உடைமை குறித்த அறவியல் சிக்கல்

ஒரு பொருளை 'என்னுடையது' என்று சொல்லும்போது நாம் உண்மையில் எதைச் சொல்கிறோம் என்னும் வினாவைத் தமிழ் இலக்கண மரபு வேற்றுமையியலில் வைத்து ஆராய்ந்துள்ளது. ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை. அக்கிழமை தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படும். சாத்தனது கை என்பதில் உள்ள உறவும் சாத்தனது வீடு என்பதில் உள்ள உறவும் ஒன்றல்ல. கையைப் பிரித்தால் சாத்தன் குறைபடுவான். வீடு கைமாறினாலும் சாத்தன் சாத்தனே. இப்பாகுபாடு சொல்லாராய்ச்சியின் எல்லைக்குள் மட்டும் நின்றுவிடுவதன்று. மனிதன் தனக்கு வெளியே உள்ள ஒன்றைத் தன் உறுப்பைப்போல் கருதத் தொடங்கும் இடத்தில் அது அறவியலுக்குள் நுழைந்துவிடுகிறது. அவ்வாறு கருதுவோருள் தலையாயவர் பழம்பொருள் சேகரிப்போர்.

அவர்களுள்ளும் பழைய கார்ட்டூன் குறும்படங்களைத் தேடிச் சேர்ப்போரை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அவர்களுடைய வேட்கை அறத்தின்பாற்பட்டதா, அன்றி வெறும் பற்றுத்தானா என்பதே வினா. தமிழாய்வு இதழில் கார்ட்டூனுக்கு என்ன இடம் என்று சிலர் கருதக்கூடும். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர்களின் உழைப்பில் எழுந்த துறை நம்முடையது. ஏட்டைத் தர மறுத்தவர்களையும், ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்களையும், உறவினருக்கும் காட்டாமல் பூட்டி வைத்தவர்களையும் உ.வே. சாமிநாதையரின் தன்வரலாறு வழியாக அறிந்தவர்கள் நாம். சேகரிப்பவரின் மனத்தை ஆராயும் கடமை பிற துறையினரைவிட நமக்கே மிகுதி.

ஆலமானும் அரசனின் பூங்காவும்

இந்திய அரசின் திரைப்படப் பிரிவு 1948இல் தோன்றியது. அதன் கார்ட்டூன் படப்பிரிவு 1956இல் செயற்படத் தொடங்கியபோது, அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின்கீழ் டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய ஓவியர் கிளேர் வீக்ஸ் பயிற்சியளிக்க பம்பாய் வந்தார். சமயத்தொண்டர் குடும்பத்தில் இந்தியாவில் பிறந்தவர் அவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று பம்பாய் சென்றிருந்த ராம் மோகன் (1931-2019) இப்பிரிவில் சேர்ந்த இளைஞர்களுள் ஒருவர். பின்னாளில் இந்திய அசைவூட்டக் கலையின் முன்னோடியாகப் போற்றப்பட்டவர். இப்பயிற்சியின் பயனாக 1957இல் உருவான குறும்படம் 'பேனியன் டீர்'. பௌத்த ஜாதகக் கதைகளுள் பன்னிரண்டாவதாகிய நிக்ரோத மிருக ஜாதகமே அதன் கரு. நிக்ரோதம் என்பது ஆலமரம். ஆகவே ஆலமான் கதை எனலாம்.

இதற்கு முன்பும் இந்தியாவில் இவ்வகை முயற்சிகள் இருந்தன. தாதாசாகேப் பால்கே 1915இல் தீக்குச்சிகளை நகர்த்திப் படம்பிடித்து ஒரு குறும்படம் செய்தார், அது இன்றில்லை. ஆலமான் கிடைக்கிறது. கிடைப்பதும் கிடைக்காததும் எதனால் முடிவாகின்றன என்பதற்குப் பின்னர் வருவோம்.

சேகரிப்பின் அறத்தை ஆராய இக்கதையைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது அரிது. காசி மன்னனுக்கு மான் இறைச்சியில் தீரா விருப்பம். அவனது வேட்டைக்காகத் தம் தொழிலை விட்டு நாள்தோறும் அலைக்கழிக்கப்பட்ட குடிமக்கள் ஓர் ஏற்பாடு செய்கின்றனர். அரசனின் பூங்காவில் புல் விதைத்து, நீர் நிலை அமைத்து, காட்டில் உள்ள மான்களை வளைத்து ஓட்டிவந்து உள்ளே விட்டுக் கதவை அடைத்துவிடுகின்றனர். இரண்டு கூட்டங்கள் அகப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பொன்னிறமான தலைவன் உண்டு. பூங்காவைப் பார்வையிட வந்த அரசன் அவ்விரு மான்களின் அழகைக் கண்டு அவற்றுக்கு மட்டும் உயிர்க்காவல் அளிக்கிறான். ஏனையவை முறை வைத்து நாளுக்கு ஒன்றாகக் கொலைமேடைக்குச் செல்ல வேண்டும். கருவுற்ற பெண்மான் ஒன்றுக்கு முறை வந்தபோது அதன் தலைவன் இரங்க மறுக்கிறான். ஆலமானோ தானே சென்று மேடையில் தலை வைத்துப் படுக்கிறது. அரசன் திகைத்து அதனை விடுவிக்க முன்வருகிறான். ஆலமான் அதனோடு அமையவில்லை. பூங்காவின் பிற மான்கள், பூங்காவுக்கு வெளியே உள்ள மான்கள், நாற்கால் உயிர்கள், பறவைகள், மீன்கள் என அபயத்தின் எல்லையைப் படிப்படியாக விரிக்கச் செய்கிறது.

கதையில் அனைவரும் போற்றுவது ஆலமானின் தியாகத்தை. இக்கட்டுரையாளரின் கவனத்தை ஈர்ப்பது அதற்கு முந்திய கட்டம். பூங்கா என்பது ஒரு தொகுப்பு. அரசன் அதன் உடைமையாளன். தொகுப்பினுள் நுழைந்ததும் அவன் கண் பொன்னிறத்தைத் தேர்கிறது. தேர்ந்ததற்கு வாழ்வு, தேராததற்குச் சாவு. இது கொடுங்கோலனின் கண் என்று தள்ளிவிட இயலாது. அழகை உணரும் கண் அது. அரிதானதை அரிதென்று அறியும் கண். சேகரிப்பவரிடம் நாம் பாராட்டுவதும் இதே கண்ணைத்தான். தன் அருமையினால் கிடைத்த விலக்கை ஆலமான் ஏற்க மறுத்ததே இக்கதையின் அறவியல் திருப்புமுனை என்பது என் கருத்து.

ஏன் கார்ட்டூன்?

சேகரிப்போர் முழுநீளப் படங்களைவிடக் கார்ட்டூன் குறும்படங்களை நாடுவதற்கு உளவியல் காரணங்கள் பல கூறுவர். இளமை நினைவு என்பது அவற்றுள் முதன்மையானது. அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் எளிய பருப்பொருள் காரணம் ஒன்று உண்டு. 16 மில்லிமீட்டர் அகலப் படச்சுருள் 400 அடி ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். ஒரு கார்ட்டூன் குறும்படம் முழுவதும் ஒரே சுருளில், ஒரே தகரப் பெட்டியில் அடங்கிவிடும். முழுநீளப் படத்தை வாங்குபவருக்கு ஒரு சுருள் விடுபட்டுப் போகலாம். கடைசிச் சுருள் கிடைக்காமலே போகலாம். கார்ட்டூனை வாங்குபவர் ஒரு கலைப்படைப்பை முதலிலிருந்து முடிவுவரை கையில் ஏந்துகிறார். முழுமையை உடைமையாக்கும் இன்பம் இது. குறுந்தொகைப் பாடல் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்வோரும் இவ்வின்பத்தை அறிவர்.

நம் நாட்டுச் சூழலில் மற்றொன்றும் சேர்கிறது. திரைப்படப் பிரிவின் செய்திப்படத்தையோ குறும்படத்தையோ முதன்மைப் படத்துக்கு முன் காட்டியாக வேண்டும் என்பது திரையரங்குகள் மீது நெடுங்காலம் விதிக்கப்பட்டிருந்த கட்டாயம். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அமர்ந்தவரும் அதைப் பார்த்தே தீர வேண்டும். ஆக, அக்குறும்படங்கள் எவரும் சீட்டு வாங்காத படங்கள். எவரும் கேட்டுப் பெறாததால் எவரும் பேணவும் இல்லை. விருப்பமின்றிப் பார்த்தது முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து விருப்பத்துடன் தேடப்படுகிறது என்பது விந்தைதான்.

தமிழகச் சிற்றூர்ச் சிறுவர்களிடம் ஒருகாலத்தில் பிலிம் துண்டுகளைச் சேர்க்கும் வழக்கம் பரவலாக இருந்தது. அறுந்த படத்தை ஒட்டும்போது ஆபரேட்டர் வெட்டி எறிந்த துண்டுகள் கடைகளிலும் பள்ளி வாசலிலும் கைமாறின. எரிந்துபோன பல்பின் உள்ளீட்டை நீக்கி, நீர் நிரப்பி, அதனை ஆடியாக்கி, முகம்பார்க்கும் கண்ணாடியால் வெயிலை வீட்டுக்குள் திருப்பி, வெள்ளையடித்த சுவரில் எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் நிறுத்தினர். அவர்கள் அசையவில்லை. அசையாவிட்டாலும் அத்துண்டு சிறுவனுக்குப் 'படம்'தான். சேகரிப்பு என்னும் செயலின் இலக்கணம் முழுவதும் இங்கே இருக்கிறது.

நெல்லும் பொரியும்

இவ்விடத்தில் நன்னூலார் துணைக்கு வருகிறார். தற்கிழமையை அவர் பண்பு, உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம், திரிபின் ஆக்கம் என ஐந்தாக விரிப்பார். பிறிதின்கிழமையைப் பொருள், இடம், காலம் என மூன்றாக்குவார். நெற்குவியல் என்பது ஒன்றன் கூட்டம். நெல்லன்றிக் குவியல் இல்லை. இக்குவியலைப் பழந்தமிழ் 'குப்பை' என்றது. அச்சொல் இன்று எப்பொருளில் வழங்குகிறது என்பதைச் சேகரிப்பாளர்களின் இல்லத்தரசிகள் நன்கறிவர். பலவகைப் பொருள்கள் ஓரிடத்துச் சேர்வது பலவின் ஈட்டம். நெல் பொரியாவது திரிபின் ஆக்கம். பொரி நெல்லினின்று வேறாயினும் நெல்லிடமிருந்தே வந்தது.

கார்ட்டூன் படம் இம்மூன்றுள் எது? ஒலிப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகிறது. பத்து நிமிடப் படத்தில் 14,400 சட்டங்கள். ஒவ்வோர் ஓவியத்தையும் இருமுறை படம்பிடிப்பது வழக்கமாதலின் ஏறத்தாழ 7,200 நிலைகள் கையால் வரையப்பட வேண்டும். எனில் அது ஓவியங்களின் ஈட்டமா? அன்று. 7,200 ஓவியங்களைப் பேழையில் அடுக்கி வைத்தாலும் அது படம் ஆகாது. ஓடும்போது ஓவியங்களுள் எதிலும் இல்லாத அசைவு ஒன்று காண்பவர் கண்ணில் தோன்றுகிறது. ஆகவே கார்ட்டூன் திரிபின் ஆக்கம். ஓவியம் நெல், அசைவு பொரி.

இதனை உணர்ந்தால் சேகரிப்பாளரின் நிலை எத்துணை முரணானது என்பது புலப்படும். அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே 1914இல் 'கெர்ட்டி' என்னும் டைனோசாரை உயிர்ப்பிக்க அரிசித்தாளில் ஆயிரக்கணக்கான ஓவியங்கள் வரைந்தார். அவற்றுள் எஞ்சிய சில நூறு தாள்கள் இன்று அருங்காட்சியகங்களாலும் தனியாராலும் போற்றப்படுகின்றன. டிஸ்னி நிறுவனத்தில் படம்பிடித்து முடிந்ததும் செல் எனப்பட்ட ஒளிபுகும் தாள்களைக் கழுவி மீண்டும் பயன்படுத்தினர். ஓவியம் அவர்களுக்கு வழிப்பொருள். 1938 முதல் 'ஸ்னோ ஒயிட்' படத்தின் செல்கள் சான்பிரான்சிஸ்கோவின் கூர்வாசியே காட்சியகம் வழியாக விற்பனைக்கு வந்தபோதுதான் வழிப்பொருள் விலைப்பொருளாயிற்று. அன்றுமுதல் சேகரிப்பாளர் பொரியின் மீது கொண்ட காதலால் நெல்லை வாங்கி வருகிறார். நெல்லைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறார்.

சுருளை வைத்திருப்பவர் நிலை இதனினும் மேலானது என்று தோன்றலாம். அவரிடம் பொரிக்கான வழி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் சுருள் தேய்கிறது, கீறல் விழுகிறது, துளை கிழிகிறது. ஓட்டாமல் வைத்தால் அவர் படத்தை உடையவர் அல்லர். ஓட்டினால் உடைமை அழிகிறது. நுகர்ச்சியும் பேணலும் ஒன்றையொன்று தின்னும் பொருள் இது. ஏட்டுச் சுவடிக்கும் இச்சிக்கல் உண்டு. நம் முன்னோர் படியெடுத்தலை அறமாக வகுத்துத் தீர்வு கண்டனர். பழைய ஏடு சிதைவதற்கு முன் புதிய ஏடு பிறந்தது. எந்த ஏட்டையும் 'மூலம்' என்று தொழவில்லை. படச்சுருளைப் பொறுத்தவரை ஒளிவழிப் படியெடுக்குந்தோறும் தெளிவு குறைந்தது. எண்ணிம முறை வந்த பின்னரே இழப்பின்றிப் படியெடுத்தல் இயல்வதாயிற்று. அதன் பின்னரும் மூலச்சுருளை நாடும் வேட்கை தணியவில்லை. 1928இல் வெளியான 'ஸ்டீம்போட் வில்லி' அமெரிக்காவில் 2024 சனவரி முதல் நாளன்று பொதுவுடைமையாயிற்று. எவரும் பார்க்கலாம், படியெடுக்கலாம். இருந்தும் அக்காலத்துச் சுருளையும் சுவரொட்டியையும் தேடுவோர் தேடிக்கொண்டே இருக்கின்றனர்.

அவர்கள் தேடுவது படத்தை அன்று என்பது இதனால் தெளிவாகிறது. வேறெதனை? கீறலை என்பேன். சுருளின் மீது விழுந்துள்ள கீறல் அது எத்தனை முறை, எத்தனை பேர்முன் ஓடியது என்பதன் தடம். செருமானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1930களில் கலைப்படைப்பின் படியெடுப்பைப் பற்றி எழுதியபோது, படிகள் பெருகப் பெருக மூலத்தின் ஒளிவட்டம் மங்கும் என்றார். படிகளே மூலமான திரைப்படத்தில், ஒவ்வொரு படியும் தன் தேய்மானத்தால் தனக்கென ஒரு வரலாற்றை ஈட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவில் சேகரிப்பாளரின் வேட்கையை இழிந்ததென்று கொள்ள இக்கட்டுரையாளருக்கு மனமில்லை.

பூட்டின் நன்மை

ஒளித்து வைப்பவனைப் பழிப்பது எளிது. வரலாறு அத்துணை எளிதாக இல்லை. தமிழின் முதல் மௌனப்படமாகிய நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' இன்றில்லை. முதல் பேசும்படம் 'காளிதாஸ்' (1931) இன்றில்லை. இவை பூட்டி வைக்கப்பட்டு மறையவில்லை. ஊர் ஊராக ஓடித் தேய்ந்து, பின் எவருக்கும் வேண்டாதவையாகி அழிந்தன. பழைய சுருள்களில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்க அவற்றைக் கரைத்த தொழிலும் இந்நாட்டில் நடந்தது.

இதற்கு மாறாக, சி.வி. இராமன் பிள்ளையின் புதினத்தைத் தழுவி 1933இல் எடுக்கப்பட்ட 'மார்த்தாண்ட வர்மா' மௌனப்படம் கிடைத்திருக்கிறது. அதன் தயாரிப்பாளர் நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தரராஜ். புதினத்தின் வெளியீட்டு உரிமை பெற்றிருந்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தக நிலையம் வழக்குத் தொடுத்தது. படம் பறிமுதல் செய்யப்பட்டது. சுருள்கள் புத்தக நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. பூனேயில் 1964இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1974இல் அவற்றைப் பெற்றது. வழக்கு அப்படத்தை மக்கள் பார்க்க முடியாமல் செய்தது. அதனாலேயே நாம் இன்று பார்க்க முடிகிறது. தடை செய்தவரின் நோக்கம் பேணல் அன்று. நோக்கமில்லாத நன்மையை அறம் என்று கொள்வதா?

கார்ட்டூன் வரலாற்றில் இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று அண்மையில் நேர்ந்தது. வால்ட் டிஸ்னி மிக்கி எலிக்கு முன் படைத்தது ஆஸ்வால்டு என்னும் முயல். 1927-28இல் யுனிவர்சல் நிறுவனத்துக்காக அவர் 26 ஆஸ்வால்டு குறும்படங்கள் செய்தார். பின் முயலின் உரிமையை இழந்தார். (டிஸ்னி நிறுவனம் 2006இல் அம்முயலைத் திரும்பப் பெற ஒரு விளையாட்டு வருணனையாளரை மாற்றாகக் கொடுத்தது. பண்டமாற்று முறை ஒழிந்துவிட்டதாகக் கூறும் பொருளியல் நூல்கள் திருத்தப்பட வேண்டும்.) அக்குறும்படங்களுள் பல தொலைந்துபோயின. சப்பானைச் சேர்ந்த அசைவூட்டப்பட வரலாற்றாசிரியர் யசுஷி வத்தனபே இளமையில் ஒசாகாவில் 500 யென் கொடுத்து ஒரு சிறு சுருள் வாங்கியிருந்தார். அதன்மேல் ஒட்டியிருந்த பெயர் மிக்கியைக் குறித்தது. ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழிந்து 2018இல், அது தொலைந்துபோன ஆஸ்வால்டு படமாகிய 'நெக் அன்ட் நெக்' (1928) என்று அறியப்பட்டது. தன்னிடம் இருப்பது இன்னதென்று அறியாமலே அவர் அதனைக் காத்தார். பொன்மான் என்று தெரிந்து காக்கவில்லை என்பது நோக்கத்தக்கது.

அரசுக் காப்பகமே போதும், தனியார் வேண்டா என்பாரும் உளர். 2003 சனவரியில் பூனேயில் நேர்ந்த தீவிபத்தில் தேசியக் காப்பகத்துக்குரிய நைட்ரேட் சுருள்கள் பெருமளவில் எரிந்தன. எல்லா மான்களையும் ஒரே பூங்காவில் அடைப்பதன் இடர் இது. நாட்டின் பல மூலைகளில் பல வீடுகளில் பல பெட்டிகளில் சிதறிக் கிடப்பது சிலபோது பெருங்காப்பாக அமையும்.

மறையூர்ச் சான்று

காப்பதன் நெறிகளை ஒருங்கே காண விரும்புவோர் இடுக்கி மாவட்டத்து மறையூருக்கு வரவேண்டும். காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி ஆகியவற்றோடு சேர்ந்து அஞ்சுநாடு எனப்படும் இப்பகுதி, ஆட்சியால் கேரளத்தினும் வழக்கால் பெரிதும் தமிழினும் நிற்பது. பாண்டவர் மறைந்து வாழ்ந்தமையால் மறையூர் என்றாயிற்று என்பது ஊரார் கூற்று. சொற்பிறப்பாக அதனை ஏற்க இயலாவிடினும், மறைத்தல் என்னும் கருத்தை ஓர் ஊர் தன் பெயரில் கண்டுகொண்டிருப்பது நம் பொருளுக்கு இயைகிறது.

இங்கே சந்தனக்காடு இருக்கிறது. மரங்கள் கணக்கெடுக்கப்பட்டு, வேலியிடப்பட்டு, இரவும் பகலும் காவல் செய்யப்படுகின்றன. வனத்துறை கட்டையை ஏலம் விடுகிறது. விலை இருப்பதால் காவல் இருக்கிறது. விலை இருப்பதாலேயே திருட்டும் இருக்கிறது. சற்று அப்பால் பாறைத் திட்டுகளில் பெருங்கற்காலக் கற்பதுக்கைகள் நிற்கின்றன. மக்கள் இவற்றை முனியறை என்பர். இவற்றுக்குச் சந்தையில் விலையில்லை. பலகைக் கற்கள் சரிந்தும் பெயர்ந்தும் பல அழிந்துவிட்டன. மூன்றாவதாக அட்டளை, எழுத்தளை முதலிய இடங்களில் பாறை ஓவியங்கள் உள்ளன. அளை என்பது குகையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். எழுதுதல் என்பது தீட்டுதலையும் குறித்தது. எழுத்தளை என்னும் பெயரில் இவ்விரு பழம்பொருளும் உறைந்திருப்பதாகக் கொள்ளலாம். அங்குச் செங்காவியில் தீட்டிய விலங்குகளுள் மானினத்தவையும் உண்டு. இம்மான்களை எவரும் ஏலத்தில் எடுக்க முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஆகவே சேகரிப்பாளர் இவற்றை நாடுவதில்லை.

சந்தனம், கற்பதுக்கை, ஓவியம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டால் கசப்பான உண்மை ஒன்று தெரிகிறது. உடைமையாகக்கூடியதே மிகுதியும் காக்கப்படுகிறது. ஆகவே, உடைமை வேட்கையைப் பழிக்கும் முன், அவ்வேட்கை இல்லாத இடத்தில் நாம் எவ்வளவு காத்தோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எனினும் இவ்வாதத்தை முற்றும் ஏற்றால் மறையூர்ப் பாறை மான்களுக்கு வழியே இல்லை என்றாகிவிடும். விலையையும் உடைமையையும் சாராத காவல் ஒன்று வேண்டும். அதன் இலக்கணத்தை வேறிடத்தில் தேட வேண்டியுள்ளது.

ஆபுத்திரனின் இரு செயல்கள்

மணிமேகலையில் ஆபுத்திரன் இருமுறை நம் வினாவை எதிர்கொள்கிறான். முதலாவது, வேள்விக்காகக் கட்டப்பட்ட பசுவை இரவில் கவர்ந்து செல்வது. வேள்வி செய்வோர் அவனைப் பசுக்கள்வன் என்கின்றனர். சட்டப்படி அவர்கள் கூறுவது பிழையன்று, பசு அவர்களுடையது. கொல்லுதற்கு உரிமை உடையவனிடமிருந்து காத்தற்காகக் கவர்வது களவாகுமா? திரைப்படச் சேகரிப்பின் வரலாறு முழுவதும் இவ்வினா தொடர்கிறது. நிறுவனங்கள் தம் சுருள்களை வாடகைக்கு விட்டனவேயன்றி விற்கவில்லை. காலம் முடிந்ததும் அவற்றை அழிக்கச் சொல்லின. அழிக்கப்பட வேண்டியதை எடுத்து வைத்தவர் சட்டத்தின் முன் கள்வர். 1974 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினர் நடிகர் ராடி மெக்டவல் வீட்டில் புகுந்து அவருடைய படச் சேகரிப்பைக் கைப்பற்றினர். வழக்குத் தொடரப்படவில்லை, ஆனால் சேகரிப்பாளர் உலகம் அஞ்சி ஒடுங்கிற்று. ஒளிப்பு மேலும் இறுகியது.

நம் நாட்டுச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை 60 ஆண்டுகள். 1957ஆம் ஆண்டுப் படமாகிய ஆலமானுக்கு அக்கணக்கு 2017உடன் முடிகிறது. சட்டம் வேலியை எடுத்துவிட்ட பின்னும் சுருளை வைத்திருப்பவர் பெட்டியைத் திறக்காவிட்டால் எவரும் அவரைக் கட்டாயப்படுத்த இயலாது. படைப்பின் மீது எவருக்கும் தனியுரிமை இல்லை. ஆயின் தகரப் பெட்டியின் மீது இருக்கிறது. இங்கே ஆபுத்திரனின் இரண்டாம் செயல் பொருந்திவருகிறது.

அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருக்கிறது. இந்திரனின் சூழ்ச்சியால் நாடு செழித்து, உண்பார் இல்லாமற் போகின்றனர். சாவகத்துக்குக் கப்பலேறிய அவன் மணிபல்லவத்தில் இறங்கியபோது, கப்பல் அவனை விட்டுப் போய்விடுகிறது. ஆளற்ற தீவில் அவனும் பாத்திரமும் மட்டும். அவன் ஒருவன் உண்ண அது போதும். வாழ்நாள் முழுவதும் போதும். பல உயிர்க்கு உணவாக வேண்டியதைக் கொண்டு தன்னொருவனைக் காத்துக்கொள்ள அவன் ஒருப்படவில்லை. கோமுகிப் பொய்கையில் அதனை விட்டு, ஆண்டுக்கொருமுறை வெளிப்படுமாறு வேண்டி, உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறான்.

அவன் பாத்திரத்தை உடைக்கவில்லை என்பது முதலாவது கருதத்தக்கது. வெறுப்பால் துறந்தவன் அல்லன். தகுதியுடையார் வரும்வரை நீருக்குள் வைத்தான். வெளிப்படும் நாளையும் குறித்தான். கோமுகிப் பொய்கை ஒருவகையில் காப்பகம். அங்குப் பூட்டும் உண்டு, திறக்கும் நாளும் உண்டு. உடைமைக்கு எதிரானது துறவு என்றே நம் அறநூற் கல்வி பழக்கியிருக்கிறது. ஆபுத்திரன் காட்டுவது மூன்றாவதொன்று: கையில் இருப்பது தனக்குரியதன்று, ஆயினும் தன் பொறுப்பில் உள்ளது என்னும் நிலை. தற்கிழமையும் அன்று, வீட்டைப்போல் பிறிதின்கிழமையும் அன்று. நன்னூலார் வகுத்த எட்டனுள் காலம் என்னும் பிறிதின்கிழமை இதற்கு அணித்தாக வருகிறது. சில நாள் நம்மிடம் இருப்பது என்னும் உறவு அது.

இந்நோக்கில் நம்மவருள் கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு தனித்து நிற்கிறது. நூல்களோடு நில்லாமல் துண்டு விளம்பரங்கள், திருமண அழைப்பிதழ்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் என்று பொன்னிறமற்ற மான்கள் யாவற்றையும் அவர் உள்ளே விட்டார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைக் கொண்ட அத்தொகுப்பை வாங்கியது. வாங்கியும் கடல் கடத்தாமல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக வைத்தது. ஒருவரின் வீட்டுப் பெட்டி பலர் திறக்கும் பெட்டியான முறை இது. நம்முள் பலருடைய முனைவர் பட்ட ஆய்வேடுகள் அப்பெட்டியிலிருந்து வந்தவையே. அரசனின் கண் இன்றிச் சேகரித்தவருக்கே ஆலமானின் வேண்டுகோள் எளிதாகிறது என்று சொல்லத் தோன்றுகிறது. தேர்ந்து சேகரித்தவர் தேர்ந்தெடுத்த தம் திறனையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருப்பதால் தயங்குகிறார்.

திரைப்படப் பிரிவும் தேசியக் காப்பகமும் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டன. திரைப்படப் பிரிவு தன் குறும்படங்களை இந்திய மொழிகள் பலவற்றில் குரல் மாற்றி அனுப்பிவந்தது. அவ்வகையில் தமிழ்க் குரலுடன் ஒரு கார்ட்டூன் சுருள் மூடப்பட்ட திரையரங்கு ஒன்றின் ஆபரேட்டர் அறையிலோ, பள்ளி ஒன்றின் பழைய அலமாரியிலோ கிடக்குமானால், கண்டெடுப்பவர் செய்யத்தக்க முதற்செயல் அதனை ஓட்டிப் பார்ப்பது அன்று. பெட்டியைத் திறந்து முகர வேண்டும். காடி வாடை அடித்தால் அசிடேட் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் மற்றச் சுருள்களிடமிருந்து பிரித்து வைத்து, படியெடுக்க வல்லாரை விரைந்து தேட வேண்டும். யாருடையது என்ற வழக்கைப் படியெடுத்த பிறகு பேசிக்கொள்ளலாம்.